ஒரு கிலோ என்று யார் சொன்னது

கல்லுக்காரர் மாலை ஐந்து மணிவரை கெடு கொடுத்திருந்தார். அதற்குள் கல்லறைக் கல்லுக்கான வாசகம் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் பட்டறையில் அடுத்தவர் கல் ஏறிவிடும். முதலாண்டு நினைவு நாளுக்கு வெறும் மண்மேட்டைச் சுற்றித்தான் நிற்க வேண்டியிருக்கும்.

பெயரில் தகராறு இல்லை. பிறந்த தேதியிலும் இறந்த தேதியிலும் இல்லை. தகராறெல்லாம் அதற்குக் கீழே வர வேண்டிய ஒற்றை வரியில்தான். 'மறுபடி சந்திப்போம் என்று நம்பும் உன் கணவன்.' இறந்தவளின் அண்ணன் எழுதிக் கொடுத்த வரி அது. கணவன் மூன்று வாரமாகப் பிடி கொடுக்கவில்லை.

அவனை வேலையிடத்தில் மில்லி என்று கூப்பிடுவார்கள். எடைக்கற்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் கூடம் அது. மளிகைக் கடைக் கல்லிலிருந்து மருந்துத் தொழிற்சாலைக் கல்வரை அங்கே வந்து, சரி என்று எழுதி வாங்கிக்கொண்டு போகும். வரம்புக்கு ஒரு மில்லிகிராம் வெளியே போனாலும் அவன் கையெழுத்துப் போட மாட்டான். யார் சிபாரிசு பிடித்து வந்தாலும் அதே கதைதான். அப்படி ஒட்டிய பெயர்.

முப்பத்திரண்டு வயது. மனைவி போய் ஒரு வருடமாக இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அவன் அழவில்லை. விடுப்பை நீட்டவில்லை. வேளைக்குச் சாப்பிட்டான். கல் மாதிரி இருக்கிறான் என்று உறவுகள் ஜாடைமாடையாகப் பேசிக்கொண்டன. நாள் முழுவதும் கற்களோடு கிடப்பவனுக்கு அது வசவாகப் படவில்லை.

அன்று ஒன்றரை மணிக்கு மச்சான் வந்தார். மச்சான் என்றால் அவள் அண்ணன். லிஃப்ட் மெக்கானிக். நகரத்து லிஃப்டுகளில் பாதி அவர் கைபட்டு ஏறி இறங்குபவை. லிஃப்ட் குழிக்குள் இறங்குமுன் ஒரு நிமிடம் கண்ணை மூடிக் கடவுளிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். ஆள் ஆஜானுபாகு. உள்ளே வந்தபோது அலுவலகத்தின் வாசல் நிரம்பி வழிந்தது.

"மாப்பிள்ளை, சாப்டாச்சா?"

"ஆச்சு மச்சான். நீங்க?"

"அப்புறம் ஆகட்டும். அஞ்சு மணிக்குள்ள அந்த ஆளுக்குப் பதில் சொல்லணும். ஒரு வரி. மூணு நொடியில படிச்சிடலாம். நீங்க மூணு வாரமாப் படிக்கிறீங்க."

"படிச்சிட்டேன் மச்சான். 'நம்பும்'னு போட்டிருக்கீங்க. நான் நம்பலையே."

"அப்ப சந்திக்கவே மாட்டோம்னு சொல்றீங்களா?"

"அதையும் சொல்லல. தெரியல."

மச்சானின் முகம் சட்டென்று கறுத்தது. அந்தச் சொல்லை அவர் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருந்தார். ஆஸ்பத்திரியில், கடைசி வாரத்தில். கட்டிலில் கிடந்தவள், "நாம மறுபடி பாத்துக்குவோமா?" என்று புருஷனைக் கேட்டாள். இவன் நன்றாக யோசித்துவிட்டு, "தெரியல" என்றான். அவள் மூச்சு விட்ட அளவுக்குச் சிரித்தாள். "இப்பக்கூட கையெழுத்துப் போட மாட்டியா நீ?" என்றாள். அண்ணன் அப்போது ஜன்னலோரம் நின்று போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். அதைப்பற்றி அதன்பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை. மறக்கவும் இல்லை.

இன்று திறந்தார்.

"அன்னைக்கும் இதேதான் சொன்னீங்க."

"ஆமா."

"போகப்போற பொண்ணு. ஆமான்னு ஒரு வார்த்தை. வாய்ல இருந்து முத்தா உதிர்ந்துடும்?"

"பொய் சொல்லியிருக்கணுமா மச்சான்?"

"பொய்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. மில்லி நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்தான். ஒரு வருடமாக எதிலும் ருசி தட்டாதவனுக்கு அந்தக் கேள்வியால் நாக்கின் ஓரத்தில் ஏதோ தட்டியது.

"சரி மச்சான். மதியத்துக்கு மேல எனக்கு வேலை இல்ல. நம்புறதுக்கு ஒரு காரணம் சொல்லுங்க. நின்னுச்சுன்னா கல்லுல போட்டுக்கலாம். என் பேரோடயே."

"எதுமேல நிக்கணும்?"

"என்மேல இல்ல. அதோட சொந்தக் கால்ல."

மச்சான் கருவிப்பையைக் கீழே வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். சவாலென்று வந்துவிட்டால் அவர் சோறு தண்ணீர் பார்க்கிற ஆளில்லை.

"ஒரு லிஃப்ட் இருக்குன்னா அதை மாட்டினவன் ஒருத்தன் இருக்கான். இந்த உலகம் மட்டும் தானா மாட்டிக்கிச்சா?"

"மாட்டினவரு இருக்காருன்னே வச்சுக்குங்க. ஏறி இறங்குனவங்களை அவரு மறுபடி சந்திக்க வைப்பாருன்னு அதுல எங்க வருது? உங்க லிஃப்ட்ல ஏறுனவங்களை நீங்க திரும்பப் பாக்குறீங்களா?"

"நடுவுல நின்னுபோச்சுன்னா பாப்பேன்." சொல்லிவிட்டு அவரே தலையாட்டினார். "சரி, அது போகட்டும். இதைக் கேளுங்க. நம்பினா மனுஷன் நிக்கிறான். தங்கச்சி போன ரெண்டாம் நாள் நான் எழுந்து வேலைக்குப் போனேன். எது என்னைத் தூக்கிவிட்டுச்சு? அந்த நம்பிக்கைதான்."

"நானும் அஞ்சாம் நாள் வந்துட்டேனே. நம்பாமலே."

"நீங்க எங்க வந்தீங்க? உங்க சட்டை வந்துச்சு. பேண்ட் வந்துச்சு."

மில்லி அதை மறுக்கவில்லை. அளந்து சொன்ன மாதிரிதான் இருந்தது.

"ஒத்துக்குறேன். ஆனா உதவுறது வேற, உண்மை வேற. பத்து நிமிஷம் முந்தி ஓடுற கடிகாரம் கட்டியிருக்கிறவன் எந்த ரயிலையும் தவறவிட மாட்டான். அதுக்காகக் கடிகாரம் சரின்னு ஆயிடுமா?"

"ரயிலைப் பிடிச்சான்ல."

"பிடிச்சான். மணி தப்பு."

மச்சான் மோவாயைத் தடவிக்கொண்டார். பிறகு நாற்காலியைத் திருப்பி, அலுவலகத்துக்கும் உள்ளறைக்கும் நடுவே இருந்த தடித்த கண்ணாடியைக் காட்டினார். உள்ளறைக்கு இரட்டைக் கதவு. கோடையோ குளிரோ, உள்ளே எப்போதும் ஒரே வெப்பம். மூலை மேசையில் ஒரு கண்ணாடி மூடி. மூடிக்குள் பளபளவென்று ஒரு கிலோ எஃகு. கூடத்தில் அதற்குப் பெரியவர் என்று பெயர். மற்றக் கற்கள் எல்லாம் பெரியவரோடு ஒப்பிட்டுத்தான் சரி, தப்பு என்று ஆகும்.

"அதோ உக்காந்திருக்காரே. அவரு ஒரு கிலோன்னு யார் சொன்னது?"

"சான்றிதழ் இருக்கு."

"யார் கொடுத்தா?"

"தலைமைக்கூடம்."

"அவங்க கல்லு சரின்னு?"

"அதுக்கு மேல ஒரு கூடம். வெளிநாட்டுல."

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல கல்லே இல்ல மச்சான். இயற்கையில மாறாத எண் ஒண்ணு இருக்கு. அதை வச்சுத்தான் இப்ப உலகம் பூரா கிலோ."

"மாறாதுன்னு யார் சொன்னது?"

"இதுவரைக்கும் மாறல."

"இதுவரைக்கும்." மச்சான் அந்தச் சொல்லை ருசித்துச் சொன்னார். "நானும் அதையேதானய்யா சொல்றேன். இதுவரைக்கும் கடவுள் என்னைக் கைவிடல."

"உங்க தங்கச்சியை?"

யோசித்துச் சொன்னதல்ல. வாயிலிருந்து விழுந்துவிட்டது.

"அவளையும் சேத்துதான் சொல்றேன்," என்றார் மச்சான் மெதுவாக.

மில்லி எழுந்து அலமாரியைத் திறந்தான். வாக்குவாதத்தை வேறெங்காவது கொண்டுபோக வேண்டும்போல இருந்தது. நீலக் கோப்பு ஒன்றை எடுத்து மேசையில் போட்டான்.

"ஒரு வித்தியாசம் இருக்கு மச்சான். என் பேச்சை நீங்க நம்ப வேண்டியதில்ல. பின்னாலயே நடந்து போய்ப் பாத்துக்கலாம். தாள் தாளா. இந்தாங்க, பெரியவரோட ஜாதகம்."

மச்சான் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். லிஃப்ட் வரைபடம் படித்துப் பழகியவர். அடிக்குறிப்பு, இணைப்பு எதையும் தாண்டிப் போக மாட்டார். மில்லி முதல் பக்கத்தைக் காட்டி விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவர் மூன்றாம் பக்கத்தின் அடியில் விரலை வைத்துவிட்டார்.

"இது என்ன, எறும்பு எழுத்துல?"

மில்லி குனிந்து படித்தான். தலைமைக்கூடம் கட்டடம் மாறிக்கொண்டிருந்த சமயம் அது. எனவே இந்தக் கல்லின் அளவீடு துறைமுகத்துக் கூடத்தில், அவர்களுடைய கல்லைக்கொண்டு செய்யப்பட்டது. அந்தக் கல்லின் சான்றிதழ் நகல் இணைப்பில் உண்டு. இவ்வளவுதான் குறிப்பு.

"ஆறு மாசம் முன்ன நடந்தது," என்றான். "பரவாயில்ல. அவங்களும் தரமான ஆளுங்கதான். அவங்க கல்லுக்கு எங்க இருந்து..."

இணைப்பு கோப்பின் கடைசியில், மடித்தது மடித்தபடி இருந்தது. மச்சான் பிரித்தார். ஒருமுறை பார்த்தார். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து இன்னொருமுறை பார்த்தார்.

"மாப்பிள்ளை, இது உங்க முத்திரை மாதிரி இருக்கே."

"இருக்காது."

"கையெழுத்தும் உங்களுதுதான்."

மில்லி வாங்கிப் பார்த்தான். அவனுடைய கூடம். அவனுடைய கையெழுத்து, கடைசி எழுத்தின் வால் உட்பட. துறைமுகத்துக் கல்லை அவன்தான் சோதித்துச் சரி என்று எழுதியிருந்தான். எதோடு ஒப்பிட்டு? பெரியவரோடு ஒப்பிட்டு.

அவன் உட்கார்ந்தான்.

"புரியற மாதிரி சொல்லுங்க," என்றார் மச்சான்.

"துறைமுகத்துக் கல்லு சரின்னு பெரியவர் சொல்லியிருக்காரு. ஆறு மாசம் கழிச்சு, பெரியவர் சரின்னு அதே கல்லு சொல்லியிருக்கு."

"அதாவது உங்க யோக்கியதைக்கு நான் ஜாமீன், என் யோக்கியதைக்கு நீங்க ஜாமீன்."

"ஆமா. பெரியவர் தேஞ்சு போயிருந்தாக்கூட ரெண்டும் ஒத்துப்போகும். ஒத்துப்போனதுக்கு ஒரு அர்த்தமும் இல்ல."

மச்சான் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றில் தொடங்கித் தோளுக்கு ஏறும் சிரிப்பு. மேசையில் பேனாக்கள் நடுங்கின. "தாள் தாளா நடந்து போனோம், கடைசியில உங்க வீட்டு வாசலுக்கே வந்துட்டோம்," என்றார். மில்லியின் தொண்டையிலிருந்து விக்கல்போல ஒன்று வெளியே வந்தது.

மச்சான் சட்டென்று நிறுத்தினார். "சிரிச்சீங்களா?"

"இல்ல."

அவன் சான்றிதழின் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் போன ஐந்தாம் நாள். அன்று கூடத்துக்கு வந்ததுகூடச் சட்டை, பேண்ட் வந்த கதைதான். கல் எந்தப் பெட்டியில் வந்தது, யார் கொண்டுவந்தார்கள், எத்தனை முறை நிறுத்தான், எதுவும் நினைவில்லை. தெரியாத எதிலும் கையெழுத்துப் போடாதவன். அந்தக் கையெழுத்தைப் பற்றி மட்டும் அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"இப்ப என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார் மச்சான். குரலில் கிண்டல் போயிருந்தது.

"துறவியை எழுப்பணும்."

துறவி என்பது இன்னொரு ஒரு கிலோ. கூடம் திறந்த வருடம் வெளிநாட்டுக் கூடத்திலிருந்து சான்றிதழோடு வந்து, பெட்டிக்குள் போய், முத்திரை வைக்கப்பட்டது. ஒன்பது வருடமாக யாரும் தொட்டதில்லை. யாரையும் சோதித்ததில்லை, யாராலும் சோதிக்கப்பட்டதும் இல்லை. பெரியவர்மேல் சந்தேகம் வந்தால் மட்டும் எடுக்கலாம் என்று விதி. மில்லி மேலாளரம்மாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னான். பிறகு, "எடுங்க," என்றார் அந்த அம்மா.

கையுறை மாட்டிக்கொண்டு உள்ளே போனான். மச்சானும் எழுந்தார்.

"நீங்க வேண்டாம் மச்சான்."

"தொட மாட்டேன்."

"தொட வேண்டியதே இல்ல. உங்க உடம்பு ஒரு அடுப்பு. நீங்க நின்னாலே தராசு ஆடிப்போயிடும்."

"என் தங்கச்சியைக் கட்டினவன் என்னை வெளிய நிக்கச் சொல்றான்," என்று மச்சான் கண்ணாடியிடம் முறையிட்டுக்கொண்டு வெளியே நின்றார்.

பெரியவரையும் துறவியையும் தோல் சுற்றிய கவ்வியால் எடுத்துத் தராசுப் பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தான். எடுத்து வைத்ததில் ஏறிய சூடு தணிய ஒரு மணி நேரம் போக வேண்டும். அதன்பிறகு இயந்திரம் தானே ஒன்றை மாற்றி ஒன்றாக நிறுக்கும். எண் வெளியே இருக்கும் திரையில் விழும். அதுவரை செய்வதற்கு ஒன்றுமில்லை.

"தப்பா இருந்தா?"

"ஆறு மாசமா வெளிய போன சான்றிதழ் எல்லாத்தையும் திரும்பக் கூப்பிடணும். முந்நூறுக்கு மேல இருக்கும்."

"சரியா இருந்தா?"

"அப்பவும் குறையறிக்கை எழுதணும்."

"சரியா இருந்தா என்னய்யா குறை?"

"இருக்கட்டும், முதல்ல நிறுக்கட்டும்."

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் மச்சானின் கண்கள் மூடியிருந்தன. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

"என்ன பண்றீங்க?"

"வேண்டிக்கிறேன்."

"எடை எவ்வளவோ அவ்வளவுதான் மச்சான். அது எப்பவோ முடிஞ்சுபோன விஷயம். இனிமே வேண்டி எடைக்கு என்ன ஆகப்போகுது?"

"எடைக்கு ஒண்ணும் ஆகாது," என்றார் மச்சான், கண்ணைத் திறக்காமல். "நான் உங்களுக்கு வேண்டிக்கிறேன்."

மூன்றரை மணிக்கு இயந்திரம் தொடங்கியது. பெரியவர், துறவி, துறவி, பெரியவர். பத்துச் சுற்று. சுற்றுக்கு ஓர் எண். மச்சான் திரையை லிஃப்ட் மாடி எண் பார்ப்பதுபோல அண்ணாந்து பார்த்தார். கடைசிச் சுற்று முடிந்ததும் மில்லி கணக்குப் போட்டான். மறுபடி போட்டான்.

"ஒரு மில்லிகிராம்ல அம்பதுல ஒரு பங்குதான் வித்தியாசம். வரம்புக்குள்ளதான்."

"அப்ப பெரியவர் சரி."

"சரி."

"அப்ப பிரச்சினை முடிஞ்சுது."

"இல்ல மச்சான். அவரு சரியாத்தான் இருந்தாரு. ஆனா சரின்னு சொல்றதுக்கு எனக்கு உரிமை இல்லாம இருந்துச்சு. ஆறு மாசமா உரிமை இல்லாத ஒண்ணைச் சொல்லிக்கிட்டிருந்திருக்கேன். அது உண்மையா இருந்தது என் அதிர்ஷ்டம்."

மச்சான் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "இருங்க, இருங்க. காரணம் கோணல். ஆனா விஷயம் உண்மை. அப்படியும் இருக்கலாம்னு இப்ப நீங்களே சொல்றீங்க."

"ஆமா."

"என் நம்பிக்கையும் அப்படி இருக்கலாம்ல. என்னால நிரூபிக்க முடியல. அதுக்காக அது இல்லன்னு ஆயிடாது."

"ஆகாது." மில்லி தயங்காமல் ஒத்துக்கொண்டான். மச்சானுக்கு அது ஏமாற்றமாகக்கூட இருந்தது. இன்னும் கொஞ்சம் மல்லுக்கட்டுவான் என்று எதிர்பார்த்திருந்தார். "ஆனா எங்கிட்ட துறவி ஒருத்தர் இருந்தாரு. சுத்தி வந்த வட்டத்துக்கு வெளிய. உங்ககிட்ட யாரு இருக்காங்க?"

மச்சான் யோசித்தார். "யாரும் இல்ல. அவதான் இருக்கா. அவளைக் கேக்கணும்."

"இன்னொண்ணு கேக்குறேன். எது நடந்தா நீங்க நம்பினது தப்புன்னு ஒத்துக்குவீங்க?"

இதற்கு இன்னும் நேரம் எடுத்துக்கொண்டார். மேசை விளிம்பை நகத்தால் கீறினார். திரையைப் பார்த்தார். கெட்டிக்காரத்தனமாக ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். வாய் அவருக்குக் குறைவில்லை.

"ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை. எது நடந்தாலும் நம்புவேன்."

"அப்ப அது அளவு இல்ல."

"நான் எப்ப அளவுன்னு சொன்னேன்? நீங்கதான் எதைப் பாத்தாலும் தூக்கித் தராசுல வைக்கிறீங்க."

"நீங்கதான் மச்சான் என் பேரைப் போடச் சொன்னீங்க. என் பேரைப் போட்டா அது அளவுதான்."

மச்சான் நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்தார்.

மில்லி குறையறிக்கைத் தாளை எடுத்தான். 'குறைக்குக் காரணமானவர்' என்ற இடத்தில் தன் பெயரை எழுதினான். 'அளவீடு சரி. ஆனால் துறைமுகத்துக் கல் எந்தச் சோதனைக்குப் பயன்படப் போகிறது என்று நான் கேட்கவில்லை. திரும்பி வந்த சான்றிதழின் இணைப்பையும் பிரித்துப் பார்க்கவில்லை' என்று எழுதினான். மச்சான் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்லு சரியா இருக்கு. யாருக்கும் நஷ்டம் இல்ல. மேலாளரம்மாவே விட்டுடுவாங்க. எதுக்கு உங்க தலையில நீங்களே கொட்டு வச்சுக்கிறீங்க?"

"நடந்தது இதுதானே மச்சான்."

மச்சான் நகர்ந்து போய்க் கண்ணாடி முன்னால் நின்றார். உள்ளே இரண்டு எஃகுத் துண்டுகளும் அசையாமல் இருந்தன. முதுகைக் காட்டியபடியே பேசினார்.

"அவ முதல்ல என்னைத்தான் கேட்டா."

பேனா நின்றது.

"நீங்க மருந்து வாங்கப் போயிருந்தீங்க. 'அண்ணா, மறுபடி பாத்துக்குவோமா'ன்னா. நான் பட்டுனு ஆமான்னேன். கேள்வி முடியக்கூட இல்ல. 'நீ எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்ற ஆளு, உன்னைக் கேட்டது என் தப்பு'ன்னு சொல்லிட்டா. அப்புறம்தான் உங்களைக் கேட்டா."

மில்லி திரும்பிப் பார்க்கவில்லை.

"நீங்க தெரியலன்னீங்க. எனக்கு உங்க சட்டையைப் பிடிக்கணும்போல இருந்துச்சு. அன்னைக்குச் சாயங்காலம் நீங்க டாக்டரைப் பாக்கப் போனப்ப அவ என்கிட்ட சொல்றா. 'அண்ணா, பாத்தியா. அவரு இல்லன்னு சொல்லல. வரம்புக்கு வெளிய இருந்தா மூஞ்சிக்கு நேரா இல்லன்னு எழுதுற ஆளு. எனக்காகக்கூட மாத்த மாட்டாரு. அவரே இல்லன்னு சொல்லல.' அதைச் சொல்லிட்டு அன்னைக்கு நல்லாத் தூங்கினா. என் 'ஆமா'வை விட உங்க 'தெரியல' அவளுக்குப் பெருசாப் போச்சு."

மில்லி பேனாவை மூடினான். திறந்தான். எழுத வேண்டியது இன்னும் இரண்டு வரிதான் இருந்தது. அந்த இரண்டு வரிக்கான கட்டங்கள் தாளில் எங்கே இருக்கின்றன என்று கண்ணுக்குத் தெரியவில்லை. உள்ளங்கையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான். கை நனைந்திருந்தது. அதை வினோதமாகப் பார்த்தான்.

"ஏன் மச்சான் இத்தனை நாள் சொல்லல?"

"சொன்னா நீங்க ஜெயிச்ச மாதிரி ஆயிடும்ல."

"இப்பவும் அது ஒரு காரணம் ஆகாது மச்சான்." ஈரக் கையைச் சட்டையில் துடைத்தான். "அவ நல்லாத் தூங்கினதால அது உண்மைன்னு ஆகாது."

"தெரியும். காரணம்னு நான் சொல்லல. நடந்ததைச் சொன்னேன்."

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது. கல்லுக்காரர். பின்னணியில் உளி ஓடும் சத்தம் கேட்டது.

"சார், என்ன முடிவு பண்ணீங்க? பசங்க கல்லைத் தூக்கி வச்சிட்டாங்க."

மில்லி மச்சானைப் பார்த்தான். மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதிக்குங்க. 'மறுபடி சந்திப்போம். உன் அண்ணன்.'"

மச்சானின் தலை நிமிர்ந்தது. அவர் மறுக்கவில்லை.

"அண்ணனா? கணவன்னுல்ல கொடுத்திருந்தாங்க?"

"நம்புறவர் அண்ணன்தான். அவர் பேர்லதான் வரணும்."

"அப்ப கணவன் எதுவும் சொல்லலையா சார்? ஊரு உலகத்துல அப்படி வழக்கம் இல்லையே. பாக்குறவங்க நாலு விதமாப் பேசுவாங்க."

மில்லி குறையறிக்கையில் எழுதாமல் மிச்சமிருந்த இரண்டு வரிகளைப் பார்த்தான்.

"அதுக்குக் கீழ ஒரு வரிக்கு இடம் விடுங்க."

"என்ன எழுத?"

"ஒண்ணும் எழுத வேண்டாம். இடம் மட்டும்."

"எப்ப சார் வெட்டுறது?"

"தெரிஞ்சா சொல்றேன்."

கல்லுக்காரர் இதற்கு ஆச்சரியப்படவில்லை. கல்லுக்கு முன்னால் மனிதர்கள் பேசுவதை எவ்வளவோ கேட்டவர். அவருடைய கவலை வேறாக இருந்தது. "எழுத்து இல்லாத இடத்துல அழுக்கு பளிச்சுனு தெரியும் சார். மழைக்குப் பாசி பிடிச்சிடும். மாசத்துக்கு ஒரு தடவையாவது யாராவது வந்து தேச்சு விடணும். ஆள் இருக்கா?"

புதைத்த நாளுக்குப் பிறகு மில்லி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

"நான் வருவேன்," என்றான். பிறகு, "எதால தேய்க்கணும்?" என்று கேட்டான்.

"நார் பிரஷ்ஷு சார். கம்பி பிரஷ்ஷு ஆகாது, கீறல் விழும். சோப்பு வேண்டாம். வெறும் தண்ணி."

மில்லி எழுதிக்கொண்டான்.